எழுத்துக் கூட்டும் வயது

உடப்பிலோ கற்பிட்டியிலோ தரம் 2 பிள்ளை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறது என்று யாரும் மிரள வேண்டாம். நம்மைப் போலவே உயிர்மெய் எழுத்தில் வாசிக்கும் கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், உயிர்மெய் வரிசை முழுதும் கைவர நான்காம் வகுப்பும் ஆகலாம் என்று 2007இல் காட்டினார். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கு 247. 'கொ'வைப் பாருங்கள்: ஒலியில் க் முந்தும், உயிர் பிந்தும், எழுத்திலோ கொம்பு முன்னே, கால் பின்னே!

கற்பிட்டி முஸ்லிம் பிள்ளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாடசாலையில் இடமிருந்து வலம், குர்ஆன் மத்ரஸாவில் வலமிருந்து இடம். இரண்டையும் குழப்பாமல் சமாளிப்பது சும்மா கெட்டித்தனமா?

வீட்டில் 'வாறன்' என்று பேசும் பிள்ளைக்குப் புத்தகத்து 'வருகிறேன்' புதிது. காதுக்குப் பழகினால்தான் கண்ணுக்கு இலகு. ஆகவே இரவில் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள். கதைப் புத்தகம் இல்லையென்றால் பழைய வீரகேசரிப் பத்திரிகையும் போதும்.