பதினான்கு நாள் தவணை



குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வக்காலத்து வாங்க நாம் இந்த மேடையில் ஏறவில்லை. கள்ளும் சம்சுவும் நம் லயங்களில் செய்த நாசம் நாம் அறியாததா? ஆயினும் தண்டிக்கப்பட்டவனுக்கும் சட்டம் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. லோரி ஓட்டிப் பிழைப்பவனுக்கு லைசென்ஸ் போனால் வேலை போயிற்று. தோட்டத்து வீட்டில் குடியிருந்தால் வீடும் போகக்கூடும்.

2020 அக்டோபரில் மலேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் 35 மைக்ரோகிராம் என்றிருந்த மது வரம்பு 22 ஆகக் குறைந்தது. அதை மீறினால், விபத்தே நேராவிட்டாலும், 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, லைசென்ஸும் பறிபோகும்.

இனி நம்மவர் கோர்ட்டில் செய்வதென்ன? குற்றச்சாட்டு மலாயில் வாசிக்கப்படுகிறது. பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. இன்றே முடிந்தால் நாளை வேலைக்குப் போகலாமே என்று தலையாட்டிவிடுகிறார். அந்த ஒரு தலையாட்டலில் பெரிய கதவு மூடிவிடுகிறது! மாஜிஸ்ட்ரேட்டு முன் குற்றத்தை ஒப்புக்கொண்டவர், 'நான் குற்றவாளியல்ல' என்று பிறகு அப்பீல் செய்ய இயலாது. தண்டனை அதிகம், அல்லது சட்டப்படி செல்லாது என்றுதான் முறையிடலாம். பொருள் புரியாமலே ஒப்புக்கொண்டதாகக் காட்ட முடிந்தால், உயர்நீதிமன்றம் மறுஆய்வு செய்ய அதிகாரமுண்டு. அது எளிதான வழியன்று. அதைவிட, முதல் நாளே "தமிழில் சொல்லுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதில் என்ன வெட்கம்?

வழக்காடித் தோற்றவருக்கோ தவணை 14 நாள். தீர்ப்பு நாளிலிருந்து அதற்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தீர்ப்பளித்த கோர்ட்டிலேயே கொடுக்க வேண்டும். தீபாவளி கழியட்டும், சம்பளம் வரட்டும் என்று காத்திருந்தால் நாள் கடந்துவிடும். பிறகு உயர்நீதிமன்றத்தின் அனுமதியைக் கெஞ்சிப் பெறவேண்டும். நீதிபதியின் தீர்ப்புக் காரணங்கள் கைக்கு வந்தபின், அப்பீல் மனுவுக்கு மீண்டும் 14 நாள் உண்டு.

அப்பீல் போட்டதாலேயே தண்டனை நின்றுவிடும் என்று சிலர் எண்ணி, மறுநாளே வண்டியை எடுக்கிறார்கள். நிற்காது! நிறுத்திவைக்கும்படி தனியாகக் கேட்டு உத்தரவு வாங்க வேண்டும்.

இன்னொன்று. உயர்நீதிமன்றம் பெரும்பாலும் கீழ்க்கோர்ட்டின் குறிப்பைத்தான் படிக்கும்; சாட்சிகள் மீண்டும் வரமாட்டார்கள். மூச்சுச் சோதனை எப்போது நடந்தது, கருவி என்ன காட்டியது என்பதிலெல்லாம் ஐயமிருந்தால் கீழேயே கேட்டுப் பதிய வைக்க வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லாதவர் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீல் இருக்கிறாரா என்று கோர்ட்டிலேயே விசாரியுங்கள். தீர்ப்பு நாளன்றே தாள்களுடன் கிளைச் செயலாளரிடமும் வாருங்கள். பதினைந்தாம் நாள் வந்து அழ வேண்டாம்.