வலி இல்லாதபோதும் எக்ஸ்ரே ஏன்?



செயற்கை இடுப்பு மூட்டுப் பொருத்திக்கொண்ட சிலர், "வலிதான் இல்லையே, ஒருநாள் கூலியை இழந்து எதற்காக எக்ஸ்ரே எடுக்க வேண்டும்?" என்று வினவுகின்றனர். கேள்வி நியாயமானதே.

அம்மூட்டு, கிண்ணத்தினுள் சுழலும் குண்டு போன்றது. இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் பொருத்திய டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தன. 1962-ஆம் ஆண்டில் அவர் பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கிற்கு மாறினார். இன்றும் பலருக்குப் பொருத்தப்படுவது அவ்வகையே. அது மிக மெதுவாகத் தேயும்; எனினும் தேயும். உதிரும் நுண்துகள்களால் சுற்றியுள்ள எலும்பு கரையக்கூடும். கரையான் அரித்த தூண் வெளிப்பார்வைக்கு முழுதாய் நிற்பதில்லையா? அவ்வாறே எலும்பு குறைந்த பின்னும் வலி தோன்றாதிருக்கலாம்.

பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. ஆயினும் உலோகக் குண்டு கிண்ணத்தின் நடுவிலிருந்து விலகியிருப்பது தெரியும். எலும்பின் ஓரமாகக் கருங்கோடு அகன்று வந்தால், பிடிமானம் தளர்கிறதோ என மருத்துவர் ஐயுறுவார். இதனை ஒரே படத்தால் முடிவு செய்தல் அரிது. அறுவை முடிந்ததும் எடுத்த முதற்படத்தோடு ஒப்பிட்டே அறிவர்.

தொடக்கத்திலேயே கண்டறிந்தால், சிலருக்குத் தேய்ந்த உட்கிண்ணத்தை மட்டும் மாற்றினாலே போதும். எலும்பு கரைந்த பின்னரோ அறுவை பெரிது. ஆதலின் மருத்துவர் குறித்த நாளில் தவறாது செல்லுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாறுவோர் பழைய படங்களையும் கேட்டுப் பெற்றுச் செல்லுங்கள்.