ரிப்போர்ட்டில் இருந்த நான்கு எண்கள்

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



நான் எலக்ட்ரிக்கல் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, பேங்கில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் மின் பரிசோதனை பற்றிப் பேச நானே நேரம் கேட்டேன். காரணம், பொருளாளராக நான் செய்த ஒரு தவறு.

போன ஐப்பசி மழையில், மோட்டார் போடப் போன நம் வாட்ச்மேனுக்கு ஷாக் அடித்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தூக்கி எறியப்பட்டதால் உயிர் தப்பினார். திறந்து பார்த்தால், மோட்டாரிலிருந்து எர்த் குழிக்குப் போகும் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. அந்த லைனுக்கு ஆர்.சி.சி.பி.யும் இல்லை. அதற்கு நான்கு மாதம் முன்புதான் மின் பரிசோதனை செய்ததாக ரிப்போர்ட் வாங்கிப் பணம் கொடுத்திருந்தோம். செக்கில் கையெழுத்துப் போட்டவன் நான்.

அந்த ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான்கு பிளாக்குக்கும் எர்த் ரீடிங் 2 ஓம், 2 ஓம், 2 ஓம், 2 ஓம். நான்கு பாஸ்புக்கில் பைசா மாறாமல் ஒரே பேலன்ஸ் இருந்தால் எந்த கிளார்க்கும் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்பார். நான் பார்க்கவில்லை. பரிசோதிக்க வந்த பையனிடம் டெஸ்டர் மட்டும்தான் இருந்தது என்று வாட்ச்மேன் சொன்னார். டெஸ்டர் எரிந்தால் கரண்ட் வருகிறது என்று தெரியும், அவ்வளவுதான். எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

அதன் பிறகுதான் யாருக்கு இந்த வேலைத் தகுதி உண்டு என்று விசாரித்தேன். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் தகுதிச் சான்றிதழ் தருகிறது. மேற்பார்வையாளருக்கு 'சி', வயர்மேனுக்கு 'பி', வயர்மேன் உதவியாளருக்கு 'எச்'. ஒப்பந்தக்காரருக்குத் தனியாக லைசென்ஸ் உண்டு. பல்பு, ஃபேன், சுவிட்ச், ஃபியூஸ் ஆகியவற்றை இருந்தபடியே மாற்றிப் போடுவதற்கு இது தேவையில்லை. புது லைன் இழுப்பது, லோடு கூட்டுவது போன்ற வேலைகளை லைசென்ஸ் உள்ள ஒப்பந்தக்காரர்தான், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன.

சரியான பரிசோதனை எப்படி இருக்கும்? மெயினை அணைத்துவிட்டு, மெக்கர் கருவியால் 500 வோல்ட் டி.சி. கொடுத்து வயரின் இன்சுலேஷனைப் பார்ப்பார்கள். வயருக்கும் எர்த்துக்கும் நடுவே குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். எர்த் குழிக்கு வேறு கருவி. தள்ளித் தள்ளி மண்ணில் இரண்டு கம்பிகளை அடித்து அளப்பார்கள். வீடுகளில் உள்ள 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சரியாக விழுகிறதா என்றும் பார்ப்பார்கள். அதில் உள்ள 'டி' பட்டனை மாதம் ஒரு முறை நாமே அழுத்திப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி. வேலை செய்வதை மட்டுமே காட்டும். எர்த் கம்பி அறுந்திருந்தாலும் பட்டனை அழுத்தினால் அது விழும்.

இனி மூன்று விஷயங்களைத் தீர்மானமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, வேலைக்கு வருபவரின் சான்றிதழைக் கேட்டு வாங்கி, எண்ணையும் அது செல்லுபடியாகும் தேதியையும் ஃபைலில் எழுதி வைப்போம். கம்பெனி லைசென்ஸ் மட்டும் போதாது. நேரில் வந்தவர் யார் என்பதுதான் முக்கியம்.

இரண்டு, பரிசோதனை நடக்கும்போது கமிட்டி உறுப்பினர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். ரீடிங்கை அங்கேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம்.

மூன்றாவது, பல வருஷமாக நம் வீடுகளுக்கு வந்துபோகும் எலக்ட்ரீஷியன் தம்பியைப் பற்றியது. அவரிடம் சான்றிதழ் இல்லை. அதற்காக அவரை நிறுத்திவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஐ.டி.ஐ. படிக்காமல் வேலையிலேயே கற்றுக்கொண்டவர்களுக்கும் வழி இருக்கிறது. 21 வயதும், வயரிங்கில் 5 வருஷத்துக்குக் குறையாத அனுபவமும் இருந்தால், அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். அனுபவத்துக்கு அத்தாட்சி திரட்டவும் விண்ணப்பம் நிரப்பவும் நான் உதவுகிறேன். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. தேர்வுக் கட்டணத்தைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை அவர் பல்பு, ஃபேன் வேலைகளைத் தொடரட்டும்.

போன மாதம் 'சி' சான்றிதழ் உள்ள ஒருவரை வைத்து மறுபடி பரிசோதித்தோம். எர்த் ரீடிங் 1.8, 2.6, 3.1. நான்காவது பிளாக்கில் 14. அந்தக் குழியைப் புதிதாகப் போட்டாயிற்று. மோட்டார் லைனுக்கும் பாதுகாப்புக் கருவி பொருத்தியாயிற்று. செலவுக் கணக்கு நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. வாட்ச்மேன் அண்ணனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் முன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.