ஜீரோ போட்டது யார்?



இந்த மருங்காபுரிக் கூட்டத்துக்கு நோட்டீஸில் போட்டிருக்கும் தலைப்பு வேறு. அதை நான் இன்று பேசப்போவதில்லை. பேச மனம் வரவில்லை. இந்த வாரம் ஒரு தாயார் என்னைப் பார்க்க வந்தார். நம் வட்டாரத்துக்காரர்தான். கணவர் கிரயம் வாங்கிய அறுபது சென்ட் மானாவாரி நிலம் அவருக்கு இருக்கிறது. பத்திரம் இருக்கிறது. பட்டா அவர் பெயரில் இருக்கிறது. கிஸ்தி கட்டிய ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருக்கிறார். பேத்தியை நர்சிங் படிக்க வைக்க நிலத்தை விற்பதென்று முடிவு செய்து அட்வான்ஸும் வாங்கிவிட்டார். பத்திர எழுத்தர் சர்வே நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆத்தா, உங்க நம்பருக்கு வழிகாட்டி மதிப்பு ஜீரோன்னு காட்டுது. பதிவு ஆகாது" என்றாராம்.

ஏன் ஆகாது? அந்த நம்பர் தங்களுடையது என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். யார் எழுதியது? அந்த அம்மாவுக்குத் தெரியாது. எப்போது எழுதினார்கள்? தெரியாது. இவருக்கு ஒரு நோட்டீஸ் வந்ததா? இல்லை. கூப்பிட்டு விசாரித்தார்களா? இல்லை. பதிவு அலுவலகத்தின் பெயரை நான் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கு அடிமட்டத்தில் இருக்கிற ஏதோ ஒரு ஊழியருக்குத்தான் மெமோ வரும். ஜீரோ போட்டவருக்கு வராது.

நாற்பது வருஷம் நிலக்கடலை விளைந்த மண்ணய்யா அது! அதன் மதிப்பு ஜீரோவா? யாரைக் கேட்டு ஜீரோ போட்டீர்கள்? இதை நான் இன்றைக்குத் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன். உங்களுக்கு அலுத்தாலும் கேட்பேன்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ஸ்ரீரங்கம் தாலுகாவில், காவிரிக் கரையில், திருச்செந்துறை என்று ஒரு ஊர். 2022-இல் ஒரு விவசாயி தன்னுடைய 1 ஏக்கர் 2 சென்ட் நிலத்தை விற்கப் போனார். ஊரே வக்ஃபு வாரியத்துக்குச் சொந்தம், சென்னைக்குப் போய்த் தடையின்மைச் சான்று வாங்கி வா என்று பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள். ஆதாரம் என்ன? வாரியம் பதிவுத்துறைக்கு எழுதிய ஒரு கடிதம். அந்த ஊரில் இருக்கும் சந்திரசேகர சுவாமி கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் யார் தெரியுமா? நம் பக்கத்துப் பெண். விராலிமலைக்குப் பக்கத்தில் கொடும்பாளூர் இருக்கிறதே, அந்த இருக்குவேளிர் குடியில் பிறந்த பூதி ஆதித்த பிடாரி. முதல் பராந்தக சோழனின் மருமகள். பத்தாம் நூற்றாண்டு. அந்தக் காலத்தில் ஒரு துண்டு நிலத்தைக் கோயிலுக்குக் கொடுப்பதென்றால் கிழக்கெல்லை எது, மேற்கெல்லை எது என்று நான்கு எல்லையையும் சொல்லி, ஊரறியக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் வருஷம் கழித்து, கம்ப்யூட்டரும் சாட்டிலைட்டும் வந்த பிறகு, ஒரு ஊரையே ஒரு கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். ஊர்க்காரனுக்கே தெரியாது!

ஊர் கொதித்தது. அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். பதிவு செய்யலாம் என்று பிறகு சொன்னார்கள். கடிதம் வந்தவுடனே ஊரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இந்தக் கொதிப்பு எதற்கு? யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்?

உடனே ஒரு கூட்டம் கிளம்பியது. பார்த்தாயா, இது அந்த மதத்துக்காரர்கள் செய்த சதி என்று. டெல்லி வரைக்கும் திருச்செந்துறையின் பெயர் போயிற்று. நான் அவர்களைக் கேட்கிறேன்: திருச்செந்துறை வரைக்கும் வந்த உங்கள் கார், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் ஏன் போகவில்லை? அங்கே அடிமனைப் பிரச்சினை என்று எந்தத் திண்ணையில் கேட்டாலும் சொல்வார்களே! தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு. சுவர் உன்னுடையது, கூரை உன்னுடையது, கீழே இருக்கும் மனை மட்டும் கோயிலுடையது என்கிறார்கள். பத்திரப் பதிவு நின்றது. பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க வழியில்லை. பேங்கில் அடமானம் வைக்க வழியில்லை. 2011 முதல் 2014 வரை அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் இந்த மாநிலத்தின் முதலமைச்சர். அதற்குப் பிறகு இடைத்தேர்தல் வந்தது, பொதுத் தேர்தல்கள் வந்தன. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் அடிமனை, அடிமனை என்றார்கள். ஜெயித்தவுடன் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மறதி வந்துவிட்டது.

ஒரு ஊரில் வக்ஃபு வாரியம். இன்னொரு ஊரில் அறநிலையத்துறை. ஒருவன் வேட்டியில் நின்று அழுகிறான், இன்னொருவன் கைலியில் நின்று அழுகிறான். அடித்த கை ஒன்றுதான். உரிமை கோருகிறவன் ஆயிரம் பேர் இருக்கலாம், ஆயிரம் கடிதம் எழுதலாம். அதைக் கையில் வாங்கி, உரியவனை ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு குடிமகனின் சொத்தைப் பூட்டியதே, அந்த அரசு அலுவலகத்தின் கை!

மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போகாதவர் இந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டார். சந்தை வாசலில் ஒருவர் சுங்கம் வசூலிக்கிறார். காசை வாங்கிக்கொண்டு சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். அவர் ஒருநாள் எழுந்து நின்று, "இந்தக் காளை உன்னுடையதில்லை என்று எனக்கு ஒரு லெட்டர் வந்திருக்கிறது, ஓட்டிக்கொண்டு போகாதே" என்று சொன்னால் சும்மா விடுவீர்களா? பதிவு அலுவலகம் அந்தச் சுங்கக்காரர்தான். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி அங்கே பதிவாவது பத்திரம். உரிமை அல்ல. இன்று ஓர் ஆணின் பெயரில் பத்து லட்சத்துக்கு நிலம் வாங்கினால், முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 90,000 ரூபாய் கட்ட வேண்டும். இவ்வளவு வாங்கிக்கொண்டு, இந்த நிலம் உனக்குத்தான் சொந்தம் என்று அரசு உங்களுக்கு உறுதி கொடுக்கிறதா? கிடையாது! நாளைக்கு வில்லங்கம் வந்தால் கோர்ட்டுக்குப் போ என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 1858-லேயே டாரன்ஸ் என்பவர் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு உரிமை. அதற்கு அரசே பொறுப்பு. அங்கே காசுக்கு உறுதி கிடைத்தது. இங்கே காசு வாங்கும்போது "உரிமை எங்கள் வேலையல்ல" என்கிறார்கள். பதிவை நிறுத்தும்போது மட்டும் உரிமையைத் தீர்மானிக்கும் நீதிபதியாகிவிடுகிறார்கள்.

நான் சொன்னால் இவன் மேடைப் பேச்சாளன் என்பார்கள். சரி, உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ, மூலப் பத்திரம் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்றது. 2025 ஏப்ரலில் அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை உண்டா இல்லையா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையே அல்ல என்றது. அதற்கு முன்னால் பதிவுச் சட்டத்தில் 77-ஏ என்று ஒரு பிரிவைக் கொண்டுவந்து, பதிவான பத்திரத்தையே மாவட்டப் பதிவாளர் ரத்து செய்யலாம் என்று வைத்திருந்தார்கள். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னது. அறநிலையத்துறை ஆட்சேபம் கொடுத்தால் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்துவிட்டுத்தான் பதிவாளர் முடிவு செய்ய வேண்டும் என்று 2017-லேயே அதே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் நம் தாயாரை விசாரித்தது யார்? யாரைக் கேட்டு ஜீரோ போட்டீர்கள்?

டெல்லிக்காரர்கள் இதற்கு என்ன மருந்து கொண்டுவந்தார்கள்? 2025-இல் வக்ஃபு சட்டத்தைத் திருத்தினார்கள். நிலம் வாரியத்துடையதா, அரசுடையதா என்பதை அரசு நியமிக்கிற ஓர் அதிகாரி முடிவு செய்வாராம்! வழக்கில் ஒரு தரப்பு அரசாங்கம். தீர்ப்புச் சொல்கிறவர் அரசாங்கத்தின் சம்பளக்காரர். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. சொத்துரிமையை நிர்வாக அதிகாரி தீர்மானிக்க முடியாது என்றது. சென்னைக்காரர்களுக்கும் டெல்லிக்காரர்களுக்கும் ஆயிரம் சண்டை உண்டு. உங்கள் நிலத்தை அதிகாரியின் மேஜையில் வைப்பதில் மட்டும் இரண்டு பேரும் அண்ணன் தம்பி.

இதையெல்லாம் முன்கூட்டிச் சொன்ன ஒருவர் இருந்தார். 1959 ஜனவரியில் நாகபுரியில் காங்கிரஸ் கூடி, நிலத்தையெல்லாம் சேர்த்துக் கூட்டுறவுப் பண்ணை அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. ராஜாஜிக்கு அப்போது எண்பது வயது. கவர்னர் ஜெனரலாக இருந்துவிட்ட மனிதர், ஓய்வெடுத்துக்கொண்டு இராமாயணம் எழுதிக்கொண்டிருக்கலாம். எழுந்து வந்து சென்னையில் சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தார். பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அந்த ஆட்சிக்குப் பெயர் வைத்தவர் அவர். கிழவனுக்கு வேறு வேலையில்லை என்று சிரித்தார்கள். 1972-இல் அவர் மறைந்தார். ஆறே ஆண்டில், 1978-இல், அரசியலமைப்பின் 44-ஆவது திருத்தத்தின் மூலம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்தே தூக்கினார்கள். செய்தது யார்? எமர்ஜென்சி போட்டவர்கள் அல்ல. எமர்ஜென்சியை எதிர்த்து ஜெயிலுக்குப் போன ஜனதாக்காரர்கள்! சுதந்திராக் கட்சியின் மிச்சமும் அந்த ஜனதாவுக்குள்தான் கரைந்திருந்தது. பேச்சுரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றக் கதவைத் தட்டலாம். நிலம் பறிபோனால் முடியாது. சொத்துரிமையை அரசியலமைப்பில் 300-ஏ என்று ஒரு மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

சொத்துரிமை பேசுகிறவன் பண்ணையாரின் ஆள் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். பண்ணையாருக்கு என்னய்யா கவலை? அவருக்கு வக்கீல் இருக்கிறார், அமைச்சர் வீட்டில் சம்பந்தம் இருக்கிறது. அறுபது சென்ட்காரிக்கு இருப்பது அந்த மஞ்சள் பை ஒன்றுதான். 1892-இல் தொடங்கிப் பஞ்சமர்களுக்கென்று வெள்ளைக்கார அரசு நிலம் ஒதுக்கியது. வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலம். அதில் எவ்வளவு இன்று அந்த மக்களின் கையில் இருக்கிறது? அது கைமாறியபோது பத்திரம் பதிந்து கொடுத்தது எந்த அலுவலகம்? பட்டா மாற்றிக் கொடுத்தது எந்த அலுவலகம்? நிபந்தனை இருந்த நிலத்தில் கண்ணை மூடிக்கொண்டீர்கள். கிரயம் வாங்கிய நிலத்தில் ஜீரோ போடுகிறீர்கள். இதுவா ஏழைக்குக் காவல்?

இன்னொரு காவலையும் கேளுங்கள். இமாச்சலப் பிரதேசத்தில் எழுத்தறியாத ஒரு மூதாட்டி. 1967 வாக்கில் அவர் நிலத்தில் ரோடு போட்டார்கள். ஒரு காசு கொடுக்கவில்லை. ஐம்பது வருஷம் கழித்து அவர் உச்ச நீதிமன்றத்தில் நின்றபோது அரசு தரப்பு என்ன வாதம் வைத்தது தெரியுமா? இத்தனை காலம் நாங்கள் அனுபவித்துவிட்டோம், ஆகவே நிலம் எங்களுக்கே சொந்தம் என்றது. ஓர் அரசாங்கம் சொல்கிற பேச்சா இது! கேட்கும்போதே உடம்பு எரிகிறது. 2020-இல் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தூக்கி எறிந்து, அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அப்போது அந்தத் தாய்க்கு எண்பது வயது.

பதிவை நிறுத்தாவிட்டால் கோயில் சொத்து கொள்ளை போகுமே என்கிறார்கள். திருடனைப் பிடிக்கத் தெரியாதவர்கள் தெருவையே பூட்டுகிறார்கள். கொள்ளை போனால் வழக்குப் போடு. ஆவணத்தைக் காட்டு. நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கு. நாங்கள் தலைவணங்குகிறோம். உண்மையிலேயே சாமி நிலமாக இருந்தால் ஒரு சென்ட் எங்களுக்கு வேண்டாம்.

ஒரு காகிதத்துக்கு ஏழை படும் பாட்டைக் கேளுங்கள். பெரு நாட்டில் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்ற பொருளாதார அறிஞர் 1980-களில் ஒரு சோதனை செய்தார். லிமா நகரத்து ஓரத்தில் ஒரு சின்னத் தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்ய முயன்றார்கள். 289 நாள் ஆயிற்று. நம் புத்தாநத்தத்தில் தையல் மிஷின் போட்டிருப்பவர்களைக் கேளுங்கள், 289 நாள் கடையைத் திறக்காமல் இருந்தால் வீட்டில் அடுப்பு எரியுமா? ஏழையிடம் சொத்து இல்லாமல் இல்லை, அது செல்லும் என்று சொல்கிற காகிதம்தான் இல்லை என்றார் அவர். நம் தாயாரிடம் காகிதமும் இருந்தது. அதையும் செல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

இந்த மருங்காபுரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இது ஜமீன் ஊர். 1948-இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து, ரயத்துவாரிப் பட்டா என்று ஒரு காகிதம் கைக்கு வந்தபோது உங்கள் தாத்தாக்கள் எப்படி நிமிர்ந்தார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். இனி யாரிடமும் போய்க் கையைக் கட்டி நிற்க வேண்டாம் என்றுதானே நிமிர்ந்தார்கள்? கட்சிகளின் வாக்குறுதியையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 1989 மார்ச்சில் இங்கே சட்டமன்றத் தேர்தல் நடந்தது. முடக்கம் நீங்கித் திரும்பி வந்த இரட்டை இலைச் சின்னத்துக்கு அதுதான் சோதனை. எத்தனை தலைவர்கள், எத்தனை கார்கள், எத்தனை வாக்குறுதி! தொகுதி மறுசீரமைப்பில் மருங்காபுரி என்ற தொகுதியே மறைந்துவிட்டது. அந்த வாக்குறுதிகளை நீங்கள் இப்போது எந்தத் தொகுதியில் போய்த் தேடுவீர்கள்? ஆகவே எந்தக் கட்சியையும் நம்பி உட்கார வேண்டாம் என்கிறேன்.

நாம் கேட்பது பெரிய விஷயம் அல்ல. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைக் காட்டி எந்தெந்த சர்வே நம்பரை நிறுத்தி வைத்திருக்கிறீர்களோ, அந்தப் பட்டியலை ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகத்திலும் ஒட்டு. யார் கேட்டு நிறுத்தினாய், என்ன ஆவணம் கொடுத்தார்கள் என்று எழுது. நிலத்துக்காரனுக்கு நோட்டீஸ் கொடு. குறித்த காலத்துக்குள் அவர்கள் நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால் ஜீரோவை எடு.

வருகிற திங்கட்கிழமை திருச்சி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். ஜீரோ காட்டுகிற நம்பர்காரர்கள் எல்லாரும் வாருங்கள். துவரங்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் சேர்ந்தே போகலாம். அந்தத் தாயாரும் வருகிறார். ஆளுக்கொரு மனு எழுதித் தர நம் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் இந்தப் பந்தலிலேயே உட்காருவார்கள். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும். மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள்.