சன்னலோர விளக்கு



1931ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். வட ஜெர்மனியில் கீல் என்றொரு துறைமுக நகரம். அங்கே யூதர்களுக்கு ரப்பியாக, அதாவது சமயகுருவாக, இருந்தவர் அகிவா போஸ்னர். அவர் மனைவி ராகேல் தம் வீட்டுச் சன்னலை ஒரு புகைப்படம் எடுத்தார். சன்னல் திண்டில், ஹனுக்கா என்ற யூதப் பண்டிகைக்கான பித்தளை விளக்கு நிற்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எதிர்ச்சாரிக் கட்டடத்தில், நாஜிக் கட்சியின் கொடி தொங்குகிறது. ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்க இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது.

விளக்கைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போகாமல், எதற்காகக் கொடிக்கு நேரே வைத்தார்கள்? துணிச்சல்தான். ஆனால் துணிச்சல் மட்டும் இல்லை. ஹனுக்கா விளக்கை எங்கே வைப்பது என்பதற்குப் பழைய விதி ஒன்று இருக்கிறது. அந்த விதியையும், அதை ஒவ்வொரு வீடும் தன் போக்கில் கைக்கொள்ளும் அழகையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பண்டிகையின் கதை சுருக்கமானது. சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கஸ், எருசலேம் ஆலயத்தில் யூத வழிபாட்டைத் தடைசெய்தான். மக்கபேயர் என்று பெயர் பெற்ற ஒரு குருக்கள் குடும்பம் எதிர்த்துப் போரிட்டு, கி.மு. 164இல் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தி மறுபடி அர்ப்பணித்தது. ஹனுக்கா என்ற சொல்லுக்கே அர்ப்பணம் என்றுதான் பொருள். ஆலய விளக்குக்கு ஒரே ஒரு நாளுக்கான தூய எண்ணெய் அகப்பட்டது, அது எட்டு நாள் எரிந்தது என்கிறது யூதர்களின் சமயநூலான தால்முத். போரை விரிவாகச் சொல்லும் மக்கபேயர் முதல் நூலில் எண்ணெய்ச் செய்தியே கிடையாது. ஆனாலும் பின்வந்தவர்கள் கொண்டாட எடுத்துக்கொண்டது வாளை அல்ல, அந்த எண்ணெயைத்தான்.

விதி கேட்பது மிகக் கொஞ்சம். ஒரு வீடு, ஓர் இரவு, ஒரு விளக்கு. கடமை அதோடு முடிந்தது. சற்றுச் சிறப்பாகச் செய்ய நினைப்பவர், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை விளக்கு ஏற்றலாம். அதற்கும் மேலே போக நினைப்பவர் நாளுக்கு நாள் எண்ணிக்கையை மாற்றலாம். எப்படி மாற்றுவது என்பதில் இரண்டு குருமரபுகளுக்குள் வழக்கு வந்தது. எட்டில் தொடங்கி ஒன்றுக்கு இறங்கலாம் என்றார்கள் ஷம்மாய் வழியினர். ஒன்றில் தொடங்கி எட்டுக்கு ஏறலாம் என்றார்கள் ஹில்லேல் வழியினர். புனிதமான காரியத்தில் ஏற்றம்தான் உண்டு, இறக்கம் கூடாது என்பது அவர்கள் வாதம். அதுவே நிலைத்தது. வேடிக்கை என்னவென்றால், இன்று ஏறக்குறைய எல்லா வீடும் அந்த மூன்றாம் படியில்தான் நிற்கிறது. யாரும் கட்டாயப்படுத்தாததை எல்லோரும் செய்கிறார்கள்!

ஏற்றும் முறையைக் கவனித்துப் பாருங்கள். எட்டு விளக்கோடு ஷமாஷ் என்று ஒன்பதாவது ஒன்று தனியாக நிற்கும். ஷமாஷ் என்றால் ஏவலாள். அதை முதலில் ஏற்றி, அதைக் கொண்டு மற்றவற்றை ஏற்றுவார்கள். மெழுகுவத்திகளை வலப்பக்கத்திலிருந்து வைத்துக்கொண்டு வருவார்கள். ஏற்றும்போது அன்றைக்குப் புதிதாக வந்ததற்கே முதல் சுடர். எட்டு இரவுக்கு ஷமாஷையும் சேர்த்தால் 44 வத்தி. இந்த வெளிச்சத்தில் படிக்கக் கூடாது, காசு எண்ணக் கூடாது. பார்க்க மட்டுமே விளக்கு. சுடர் எரியும் அரைமணி நேரமாவது பெண்கள் வீட்டு வேலையைத் தொடுவதில்லை என்பது பல குடும்பங்களில் வழக்கம். எனக்கு இந்தப் பண்டிகையில் மிகவும் பிடித்தது அந்த அரைமணி நேர ஓய்வுதான்.

இனி இடம். விளக்கை வாசலில், வெளிப்புறம் வைக்க வேண்டும். மாடியில் குடியிருந்தால் தெருவைப் பார்த்த சன்னலில் வைக்க வேண்டும். நடந்த அற்புதம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்பது நோக்கம். அதனால் கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் ஓயும் வரைக்கும் ஏற்றலாம் என்று நேரத்தைக் கணக்கிட்டார்கள். இருபது முழத்துக்கு மேலே வைத்தால் செல்லாது, அண்ணாந்து யாரும் பார்க்க மாட்டார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: ஆபத்துக் காலமானால் மேசைமேல் வைத்தால் போதும். பயந்தவர் வீட்டு விளக்கும் விளக்குதான் என்று ஒப்புக்கொண்ட இந்த விதி எனக்குப் பெரிதாகப் படுகிறது. ராகேல் போஸ்னருக்கும் அந்தச் சலுகை இருந்தது. அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

எருசலேமில் நக்லாவோத், மேயா ஷெயாரிம் போன்ற பழைய குடியிருப்புகளின் சந்துகளில், வீட்டு வாசலுக்கு வெளியே கண்ணாடிப் பெட்டிகள் இருக்கும். உள்ளே சின்னக் கிண்ணங்களில் ஆலிவ் எண்ணெயும் திரியும். காற்றுக்கு அணையாது, கண்ணுக்கும் மறையாது.

அடுப்பங்கரைக்குப் போனால் எண்ணெய்தான் அங்கேயும் அரசன். கிழக்கு ஐரோப்பிய வழியில் வந்தவர்கள் உருளைக்கிழங்கைத் துருவி, நீரைப் பிழிந்து, வெங்காயமும் முட்டையும் சேர்த்துத் தட்டையாகப் பொரிப்பார்கள். லாட்கே என்று பெயர். மொராக்கோ வீடுகளில் நம் உளுந்து வடைபோலத் துளையிட்ட ஸ்ஃபெஞ்ச். இஸ்ரேலில் நடுவே ஜாம் வைத்த சுஃப்கானியா. உருளைக்கிழங்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து சில நூற்றாண்டுகளே ஆகின்றன. மக்கபேயர் அதைக் கண்டதே இல்லை. எண்ணெய் மாறவில்லை, அதில் எதைப் போடுவது என்பதை அந்தந்த ஊர் முடிவு செய்தது.

பிள்ளைகளுக்கு ட்ரெய்டல் என்ற நான்குமுகப் பம்பரம். முகத்துக்கு ஓர் எபிரேய எழுத்து. நான்கும் சேர்ந்தால், பெரிய அற்புதம் அங்கே நடந்தது என்று பொருள். இஸ்ரேலில் மட்டும் கடைசி எழுத்தை மாற்றி, இங்கே நடந்தது என்று ஆக்கிவிட்டார்கள்.

குறை இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பக்கத்திலேயே வருவதால், பிள்ளைகளுக்கு நாலு காசு கொடுத்த வழக்கம் எட்டு இரவுக்கு எட்டுப் பரிசு என்று வீங்கிவிட்டது. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் 32 அடி உயர விளக்கு நிற்கிறது. இருபது முழக் கணக்குக்கு உட்பட்ட உயரம்தான். ஆனால் ஏற்றுகிறவர் கிரேனில் ஏறிப் போக வேண்டும். கூட்டம் கீழே நின்று கைதட்டும். ஊரறியச் செய்தல் என்ற பாதியை அது நிறைவேற்றுகிறது. ஒரு வீடு, ஒரு விளக்கு என்ற பாதி அங்கே இல்லை.

அந்த இரண்டு பாதியும் ஒன்றுசேர்ந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். 1993 டிசம்பரில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்ற ஊரில், ஹனுக்கா விளக்குப் படம் ஒட்டியிருந்த ஒரு சிறுவனின் அறைச் சன்னலில் யாரோ கல்லெறிந்தார்கள். உள்ளூர்ச் செய்தித்தாள் முழுப் பக்கத்துக்கு விளக்குப் படத்தை அச்சிட்டது. யூதர் அல்லாத ஆயிரக்கணக்கான வீட்டார் அதைக் கத்தரித்துத் தங்கள் சன்னல்களில் ஒட்டினார்கள். காகித விளக்கை எந்த ரப்பியும் கணக்கில் சேர்க்க மாட்டார். எந்த வீட்டில் எறிவது என்று கல்லெறிபவனுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

அதே மாதம், ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்க விண்வெளிக்குப் போன ஜெஃப்ரி ஹாஃப்மன், ஒரு சிறு விளக்கையும் ஒரு ட்ரெய்டலையும் கொண்டுபோயிருந்தார். அங்கே தீ மூட்ட முடியாது. எடையற்ற வெளியில் பம்பரத்தைச் சுற்றிவிட்டார். அது விழவே இல்லை. விழுந்தால்தானே எந்த எழுத்து மேலே வந்தது என்று பார்த்து ஆட்டத்தை முடிவு செய்ய முடியும்? அதனால் ஆட்டத்தில் வென்றவரும் இல்லை.

மறுபடி கீல் நகரத்துக்கு வருகிறேன். போஸ்னர் குடும்பம் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியது. விளக்கும் கூடவே போயிற்று. இப்போது அது எருசலேமில் யாத் வஷேம் என்ற யூதப் படுகொலை நினைவகத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் ஹனுக்கா வந்தால், அது வாரிசுகளின் வீட்டுக்குத் திரும்பும். எட்டு இரவும் அதில் சுடர் எரியும். பண்டிகை முடிந்ததும் மெழுகைத் துடைத்து நினைவகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். அதுவரைக்கும் அது காட்சிப்பொருள் இல்லை, ஒரு வீட்டு விளக்கு.