குடிவழி தேடுவார்க்கு ஒரு சொல்

(அம்பத்தூரில் கூடிய நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசுமாறு பணித்த பொருள், நம் முன்னோர் இந்நாட்டில் குடியேறிய வரலாற்றை ஆவணங்களின் துணைகொண்டு அறியுமாறு எங்ஙனம் என்பது. பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு, இப்பொருளில் ஆர்வம் வகுப்பறையிலேயே பிறந்தது. மாணாக்கரை நோக்கி, "உம் பாட்டனாரின் தந்தையார் பெயர் யாது?" என்று வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலர், பாட்டியின் தாயார் பெயரைக் கூறுவோர் அரியர். நீர்க்கடன் ஆற்றுங்கால் மூன்று தலைமுறையின் பெயர் சொல்ல வேண்டும் என்பது நம் பழைய விதி. அப்பெயர்களைப் புரோகிதர் கேட்கும்போது கைப்பேசியில் அத்தையை அழைத்துக் கேட்கும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம்.

முதற்கண், நம் குலத்து முதியோர் கூறிவரும் கதையை எடுத்துக்கொள்வோம். தொண்டைமண்டலம் முற்காலத்தில் அடர்ந்த காடாக இருந்ததென்றும், குறும்பர் என்பார் இருபத்துநான்கு கோட்டைகளை அமைத்து அதனை ஆண்டனர் என்றும், அவற்றுள் தலைமையானது புழற்கோட்டை என்றும், குலோத்துங்க சோழன் மகனாகிய ஆதொண்டைச் சக்கரவர்த்தி அவர்களை வென்று, காடு திருத்தி, வேளாளர் குடிகளைக் கொணர்ந்து நிலைநிறுத்தினான் என்றும் அக்கதை கூறும். இருபத்துநான்கு கோட்டம், எழுபத்தொன்பது நாடு என்னும் பிரிவுகளும் அப்போதே ஏற்பட்டன என்பர். திருமுல்லைவாயில் ஆலயத்திற் சந்நிதி முன் நிற்கும் வெள்ளெருக்கந் தூண்கள் இரண்டும் குறும்பர் கோட்டையினின்றும் கொணரப்பட்டன என்று இன்றும் கூறக் கேட்கிறோம்.

கதை இனிது. ஆயினும் அதனை ஆவணத்தோடு ஒட்டிப் பார்த்தல் கற்றறிந்தோர் கடமை. முதற் குலோத்துங்கன் அரியணை ஏறியது கி.பி. 1070-இல். பல்லவ மன்னன் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேடு எட்டாம் நூற்றாண்டினது. அதிலேயே ஊற்றுக்காட்டுக் கோட்டம் குறிக்கப்பெறுகின்றது. ஆகவே கோட்டப் பிரிவு குலோத்துங்கனுக்கு முந்நூறாண்டுகளேனும் முற்பட்டதாதல் தெளிவு. ஏரி வெட்டி நெல் விளைத்த குடிகள் பல்லவர் காலத்திலேயே ஈண்டு இருந்தன. அதனால் நம் கதை முழுப்பொய்யாகிவிடாது. பல நூற்றாண்டுகளாகச் சிறுகச் சிறுக நிகழ்ந்த குடியேற்றங்களை நம் முன்னோர் ஓர் அரசன் பெயரில் ஏற்றி நினைவில் வைத்தனர் எனக் கொள்ளுதலே பொருந்தும்.

கல்வெட்டுக்கள் குடிவழி தேடுவார்க்குப் பெருந்துணை. சோழர் காலத்தில் ஒருவன் கோயிலுக்கு விளக்கு வைத்தால், மண்டலம், கோட்டம், நாடு, ஊர், குடி, இயற்பெயர் என்னும் வரிசையில் அவனைக் குறிப்பர். நம் அண்டையூராகிய குன்றத்தூரைப் பாருங்கள். திருத்தொண்டர் புராணம் பாடிய பெருமானைச் சேக்கிழார் என்கிறோம். அது குடிப்பெயர், அவர்தம் இயற்பெயர் அருண்மொழித்தேவர். குடிப்பெயரே உலகறிந்த பெயராயிற்று. ஆயினும் ஓர் எச்சரிக்கை: கல்வெட்டிலே நம் குடிப்பெயரைக் கண்ட மாத்திரத்தில், "இவர் என் நேர் மூதாதை" என்று கொள்ளற்க. இடையே எழுநூறு எண்ணூறு ஆண்டுகள் உள. இடைப்பட்ட கண்ணிகள் கிடைத்தாலன்றிச் சங்கிலி ஆகாது.

அக்கண்ணிகள் எங்கே கிடைக்கும்? ஈண்டுத்தான் கும்பினியார் காலத்து ஆவணங்கள் உதவுகின்றன. ஆற்காட்டு நவாபு முகம்மது அலி 1763-இல் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியார்க்கு ஜாகீராக அளித்தார். பூவிருந்தவல்லி அச்சீமையைச் சேர்ந்தது. அந்நிலத்தின் தன்மையை அறியும்பொருட்டு, 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளர் ஏறத்தாழ ஈராயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர் தமிழிலே ஓலையில் எழுதிக் கொடுத்தவையே அதற்கு அடிப்படை. அவ்வோலைகளிற் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், ஆங்கிலச் சுருக்கங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. அறிஞர் தரம்பால் அவர்களே இக்கணக்குகளின் அருமையை நம் தலைமுறைக்கு உணர்த்தியவர்.

அக்கணக்கில் ஓர் ஊரின் நன்செய், புன்செய், ஏரி, தோப்பு, நத்தம் ஆகியவற்றின் அளவும், இன்ன சாதியார் இத்தனை வீடு என்னும் தொகையும், களத்துமேட்டில் நெல் அளக்குமுன் யார் யார்க்கு எவ்வளவு என்னும் பகிர்வும் உள. கோயிலுக்கு, கணக்கனுக்கு, கொல்லனுக்கு, தச்சனுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு, ஏரி காப்பானுக்கு என்று ஒவ்வொருவர்க்கும் மேரையும் சுதந்திரமும் மானியமும் குறிக்கப்பட்டிருக்கும். இக்கணக்கின் மதிப்பு மற்றொரு காரணத்தாலும் மிகும். 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் இச்சீமை பாழாயிற்று, குடிகள் சிதறின. அவ்வழிவுக்கு முன் நம் ஊர்கள் இருந்த நிலையைக் காட்டும் கண்ணாடி இஃதொன்றே எனலாம்.

பின்னர் 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் எழுதிய அறிக்கை உளது. அதன்பின் எல்லிஸ் துரை வருகின்றார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும், தென்மொழிகள் ஓரினம் என 1816-இல் எடுத்துக்காட்டியவரும் இவரே. மிராசு உரிமையைப் பற்றி இவரும், இவரிடம் பணியாற்றிய சங்கரையரும் எழுதிய விடைகள் 1818-இல் அச்சாயின. மிராசு என்பது பரம்பரை உரிமை எனப் பொருள்படும் அரபுச்சொல். நம் பழஞ்சொல் காணியாட்சி. நிலங்களை நிலையாகப் பிரித்துக்கொண்ட ஊரை அருதிக்கரை என்றும், பங்காளிகள் பொதுவில் வைத்து முறைமாற்றிப் பயிரிட்ட ஊரைப் பசுங்கரை என்றும் வழங்கினர். உங்கள் ஊர் எவ்வகையது என அறிந்தால், நிலத்தின் பெயரால் முன்னோரைத் தேடலாமா, பங்கின் பெயரால் தேட வேண்டுமா என்பது விளங்கும்.

இவற்றிற்குப் பிற்பட்டவை எளிதிற் கிட்டுவன. இனாம் நிலமுடையார்க்கு 1860-களில் எழுந்த இனாம் பதிவேடுகள் உள. பத்திரப் பதிவு 1865 முதல் நடைபெறுகின்றது. பாகப் பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைப்பின் ஒரு தலைமுறை முழுவதும் அதில் அடங்கும். அம்பத்தூரில் தொழிற்பேட்டைக்கும் ஆவடியில் படைத்தொழிற்சாலைக்கும் நிலம் எடுத்தகாலை, உரிமையாளரும் வாரிசுகளும் இன்னார் எனத் தீர்ப்புப் பட்டியல்களில் எழுதினர். நிலத்தை இழந்த துன்பத்தைப் பேசும் நாம், அத்தாள் நம் குடிவழிச் சான்று என்பதை நினைப்பதில்லை.

இவற்றைப் படிப்பார்க்குத் தோன்றும் இடர்கள் சில. ஒன்று, பெயர். பேரனுக்குப் பாட்டன் பெயரை இடுவது நம் வழக்கமாதலின், ஒன்றுவிட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். பாட்டனையும் பேரனையும் ஒருவராக எண்ணிக் கணக்கில் ஐம்பதாண்டு வழுவுவார் பலர். இரண்டு, ஆண்டு. ஓலையில் "பிரபவ வருஷம்" என்று மட்டும் இருந்தால் அது 1747 ஆகலாம், 1807 ஆகலாம், 1867-உம் ஆகலாம். சகாப்தமோ கலியாண்டோ உடன் உளதா எனக் காண்க. பசலி ஆண்டாயின் 590-ஐக் கூட்டுக. பசலி 1180 என்பது கி.பி. 1770–71. மூன்று, அளவு. இச்சீமையில் ஒரு காணி என்பது 24 மனை. ஒரு மனை 2,400 சதுர அடி. இன்று அம்பத்தூரில் ஒரு கிரவுண்டு என்று விலை பேசுகின்றோமே, அது நம் பாட்டனார் காணியின் இருபத்துநான்கில் ஒரு கூறாகிய அம்மனையே. ஆகவே ஓலையில் ஒரு காணி என்றிருப்பின் அஃது ஓர் ஏக்கரினும் மிகுதி, ஏறத்தாழ 1.32 ஏக்கர் என அறிக.

நிற்க. இனி இச்சபையில் நான் கூற விழைந்த முதன்மையான செய்திக்கு வருகின்றேன்.

அமெரிக்க தேசத்தார் குடிவழி தேடுவதில் மிக்க ஊக்கமுடையர். அந்நாட்டில் 1862-இல் ஒரு சட்டம் செய்தனர்: எல்லைப்புறத்தில் 160 ஏக்கர் நிலத்தில் வீடு கட்டி ஐந்தாண்டு தங்கிப் பயிரிடுவோர்க்கு அந்நிலம் உரியது. அங்ஙனம் சென்ற முன்னோடிகளின் மனுக்களும், வீட்டு விவிலிய நூலின் முன்னேட்டில் எழுதிய பிறப்பிறப்புக் குறிப்புக்களும் இன்று பேரன்மார்க்குச் சான்றாகின்றன. ஆயின் அந்நாட்டுக் குடிக்கணக்கை நோக்குங்கள். 1790 முதல் 1840 வரை எடுத்த கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. மனைவி மக்கள் வெறும் எண்கள். 1850-இல் எல்லார் பெயரையும் எழுதத் தொடங்கினர். அப்போதும் அடிமைகளைத் தனிப் பட்டியலில் உடையவன் பெயரின்கீழ் வயதும் பாலும் குறித்து, பெயரின்றி விட்டனர். அவர்கள் காடு என்று கூறிய நிலமோ, செவ்விந்தியர் என்று வழங்கப்பெற்ற ஆதிக்குடிகளின் வீடு.

பெரியோர்களே! நம் ஆவணங்கள் இதனின் வேறுபட்டனவா? நம் கதையிலும் குறும்பர் இருந்தனர். அவர்கள் கோட்டையின் பெயரை வைத்துக்கொண்டோம், அவர்கள் பேரர் யாவர் என்று கேட்டோமில்லை. காணியாளன் பெயர் ஏட்டில் உண்டு. அவன் ஏரைப் பிடித்தவன் பெயர் இல்லை. ஓலையில், "பறைச்சேரி வீடு இத்தனை" என்று தொகை நிற்கும். அச்சேரியார் மிராசு ஊரோடு கட்டுண்ட அடிமைகளாக இருந்த நிலையைக் கும்பினி ஆவணங்களே கூறும். 1843-இல் அடிமைமுறையைச் சட்டம் ஒழித்த பின்னரும், 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமன்ஹீர் எழுதிய குறிப்பு, குடியிருக்கும் மனையும் தமக்குச் சொந்தமின்றி அம்மக்கள் உழன்றதையும், காணியாளரின் தடையையும் எடுத்துரைக்கின்றது. அதனைப் படிக்குங்கால் நமக்கு மகிழ்ச்சி உண்டாகாது. ஆயினும் நம் பாட்டனார் பெயருள்ள ஏட்டைப் பெருமையோடு காட்டும் நாம், அதே கட்டிலுள்ள அடுத்த ஏட்டை மறைத்தல் முறையாகுமா?

வியப்பு ஒன்று கேளுங்கள். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னைத் துறைமுகத்தினின்றும் சென்ற டுரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். செங்கற்பட்டுச் சீமையினரும் அவர்களுள் பலர். அக்கப்பற் பட்டியல்களில் ஒவ்வொருவர்க்கும் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. சொந்த ஊரின் ஓலையில் தொகையாய் நின்றவன், கடல் கடந்து கூலியானபோதுதான் பெயர் பெற்றான்! அவர்தம் பேரர்கள் இன்று அப்பட்டியலைக் கையிலேந்தி நம் ஊர்களைத் தேடி வருகின்றனர். வந்தவர்க்கு நாம் காட்டத்தக்க ஏடு நம்மிடம் உளதா?

பெண்மக்கள் நிலையும் இத்தகையதே. பட்டாவில் தாயார் பெயர் அரிது. தாயும் பாட்டியும் முப்பாட்டியும் நீர்க்கடன் மந்திரத்தில் மட்டும் பெயரோடு வாழ்கின்றனர். அரசாங்கம் எழுதாமல் விட்டதை வீடு எழுதிவைக்க வேண்டும்.

ஆகவே நம் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். முதலாவது, பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் ஓலை, முத்திரைத்தாள், பாகப் பத்திரம், திருமண அழைப்பு முதலியவற்றை எறியாதீர்கள். பழஞ்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வழக்கத்தால் நாம் இழந்தவை போதும். ஓலைக்கு எண்ணெய் பூசவோ கழுவவோ முயலாமல், உள்ளவாறே ஒளிப்படம் எடுத்துச் சங்கத்தில் ஒரு பிரதி சேருங்கள். இரண்டாவது, வீட்டு முதியோரை உட்காரவைத்து, பெண்வழி உட்பட அவர்கள் அறிந்த பெயர், பிறந்த ஊர், குலதெய்வக் கோயில் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். ஏடு காத்திருக்கும், எண்பது வயது காத்திராது. மூன்றாவது, நம் ஊர் வரலாறு எழுதுங்கால் காணியாளர் பெயரோடு நிறுத்தாமல், அவ்வூரில் உழுதார், ஏரி காத்தார், கொல்லுலை ஊதினார் வழியினரையும் அழைத்து, அவர்கள் முன்னோர் பெயரையும் அருகே எழுதுங்கள். அவர்கள் வாய்மொழியாகக் கூறுவன பல நம் ஓலையில் இல்லாதவை.

மரத்தின் உயரத்தைக் காட்டிப் பெருமை கொள்ளலாம். அதனைத் தாங்கும் வேர் ஒன்றன்று. குடிவழி என்னும் சொல்லில் குடி என்பது ஒரு வீட்டையும் குறிக்கும், ஊரையும் குறிக்கும். இரண்டு பொருளையும் ஒருங்கே கொண்டு தேடுவோமாயின், நம் தேட்டம் அறத்தோடு பொருந்தும். நம் மக்கள் அதனைக் கூச்சமின்றி எவர் முன்னும் படிப்பர்.