கொல்லைப்புறத்து விருந்தாளிகள்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! ரிஷிவந்தியத்துப் பெரியோர்களே! தாய்மார்களே!

தோட்டத்து உயிர்கள் தொல்லையே என்று எதிரணி நண்பர் பொரிந்து தள்ளிவிட்டுப் போனார். இல்லை, அவை துணையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் பல்லி. விட்டத்தில் தலைகீழாக ஓடுகிறதே, காலில் பசையா தடவியிருக்கிறது? இல்லைங்க! பாதத்தில் லட்சக்கணக்கான நுண்மயிர்கள். மயிருக்கும் சுவருக்கும் உள்ள மூலக்கூறு ஈர்ப்புதான் அதைத் தாங்குகிறது. அதற்கான சான்றே 2002-இல்தான் வெளிவந்தது. நாம என்ன பண்றோம்? பலன் பார்க்கிறோம். பல்லி சொன்னா உடனே நம்புற கணவர், பக்கத்துல மனைவி சொன்னா நம்ப மாட்டேங்கிறார்! (சிரிப்பு)

அடுத்து தேனீ. இந்த ஊர் அர்த்தநாரீசுவரருக்குத் தேன் அபிஷேகம் விசேஷம். தேனீ இல்லாமல் தேன் ஏது? முருங்கைப்பூவைத் தேடி நம்ம கொல்லைக்கு வருகிற தேனீ, பூ எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்பதைக் கூட்டுக்குப் போய் ஆடியே சொல்லிவிடும். அந்த ஆட்டத்தின் மொழியைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

தவளை கத்தினால் தூக்கம் போகுதாம்! தவளைக்காலை வெளிநாட்டுக்கு விற்றுக் காசு பார்த்தது நம் நாடு. பூச்சியைத் தின்ன வயலில் ஆள் குறைந்தது. 1987-இல் அரசே அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சம்பளம் கேட்காத வேலைக்காரனை விற்றால் வீடு உருப்படுமா? (கைதட்டல்)

“பாம்பு வருதே?” என்று கேட்டார் நண்பர். நியாயமான பயம். ஆனால் கொல்லையில் அடிபட்டுச் சாவது பல நேரம் நஞ்சே இல்லாத சாரை. அது எலியைத் தின்று நெல்லைக் காப்பது. நல்ல பாம்பும் விரியனும் ஆபத்துதான். கடித்தால் மந்திரம் வேண்டாம், நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே போடுகிற மருந்து, பாம்பின் நஞ்சிலிருந்தே வருகிறது. அந்த நஞ்சைச் சேகரித்துத் தர, வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அடித்திருந்தால் பிணம், பிடித்ததால் மருந்து!

நடுவர் அவர்களே, பூச்சிக்கொல்லியைத் தெளித்தால் பூச்சி மட்டுமா சாகும்? தேனீயும் சாகும், தவளையும் சாகும். அப்புறம் காய்க்கிறதுக்கு முருங்கை இருக்கும், பூவுக்கு விருந்தாளி இருக்க மாட்டான். ஆகவே அவை துணையே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)